அடைப்புக்கு வாடகை

பாட்டிலில் வாய் வைத்தே குடிங்கக்கா, எனக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது. இல்லை இல்லை, அந்த டம்ளர் வேண்டாம். பையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே என்று எடுக்கப் போனீர்கள், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அது மட்டும் வேண்டாம். அப்புறம், பாட்டிலை முழுக்கக் காலி பண்ணிவிடாதீங்க. ஒரு டம்ளர் அளவு மிச்சம் இருக்கட்டும். கஞ்சத்தனம் என்று நினைக்காதீங்க, காரணம் இருக்கிறது.

நீங்கள் திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. ஆலங்குளம் வந்ததும் எனக்கு ஒரு குரல் கொடுங்க. பேச ஆரம்பித்தால் எந்த ஊர் வருகிறது போகிறது என்று எனக்குத் தெரியாது. அம்மா சொல்லுவாள், 'கப்பு வாங்குன வாயி, சும்மா இருக்குமா?' என்று. ஏழு கப்பு வாங்கியிருக்கிறேன், எல்லாம் பேச்சுப் போட்டியில். டிவி ஸ்டாண்டில் டிவி வைக்க இடமில்லை. யுனிவர்சிட்டியில் சமூகவியல் இரண்டாம் வருஷம். பேர் உலகம்மாள். சிரிக்காதீங்க, தென்காசியில் பிறந்தால் வீட்டுக்கு ஒரு உலகம்மாள் உண்டு.

டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, கையில் வாங்கிப் பாருங்க. அடியில் பேர் வெட்டியிருக்கிறதா? மு.கோ. முப்பிடாதி, கோமதிநாயகம். எங்கள் வளவில் பதினோரு வருஷம் குடியிருந்தவர்கள். இதை முப்பிடாதி அத்தையிடம் கொடுக்கத்தான் ஆலங்குளத்தில் இறங்க வேண்டும்.

இதில் ஒரு நியாயம் கேட்க வேண்டும் உங்களிடம். நீங்கள் மூன்றாம் மனுஷி, உங்களுக்கு என் அப்பாவையும் தெரியாது, அத்தையையும் தெரியாது. கேட்டுவிட்டுச் சொல்லுங்க, நான் பேசியதில் எந்த இடம் தப்பு என்று.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் வளவு. நடுவில் கிணறு, சுற்றி நாலு வீடு. அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, கம்பத்தில் ஏறி இறங்கிச் சேர்த்த பணத்தில் கட்டியது. அதை அவர் தினம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார். மூன்றாவது வீட்டில் கோமதிநாயகம் மாமா. கேஸ் சிலிண்டர் போடுகிறவர். தோளில் சிலிண்டரை வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவார், இறங்குவார், எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் கேட்க மாட்டார். சாயங்காலம் வளவுக்கு வந்து கிணற்றில் ஒரு வாளி இறைத்து, அத்தை நீட்டுகிற டம்ளரில் நாலு டம்ளர் குடித்த பிறகுதான் சட்டையைக் கழற்றுவார். 'இந்தத் தண்ணிக்கே வாடகை குடுக்கலாம் அண்ணாச்சி' என்று அப்பாவிடம் சொல்லுவார். அப்பா உடனே, 'அப்போ வீட்டுக்கு எப்போ குடுப்ப?' என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு. ஒன்றாம் தேதி தவறியதில்லை.

போன வருஷம் கார்த்திகையில் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்று மாசம் வேலைக்குப் போகவில்லை, மூன்று மாச வாடகையும் வரவில்லை. அத்தை பீடி சுற்றி வருகிற கூலியில் சாப்பாடு நடந்தது. பிள்ளைகள் கிடையாது அவர்களுக்கு. மாசி மாசம் ஒருநாள் காலையில் எழுந்து, இன்றைக்கு வேலைக்குப் போய்விடலாம் போலிருக்கிறது என்று சட்டையை எடுத்திருக்கிறார். போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். நாற்பத்தெட்டு வயசு. எனக்குப் பரீட்சை. அம்மா போனில்தான் சொன்னாள். சொல்லும்போதே, 'அவிட்டம்ட்டி, அவிட்டத்துல போயிட்டாவ' என்று அழுதாள். மாமா போனதற்கு அழுகிறாளா, அவிட்டத்துக்கு அழுகிறாளா என்று எனக்குக் கோபம் வந்தது.

உங்கள் பக்கம் அடைப்பு பார்ப்பார்களா? இங்கே பார்ப்பார்கள். சில நட்சத்திரத்தில் இறந்தால் உயிர் சட்டென்று கிளம்பாதாம். இறந்த இடத்திலேயே நிற்குமாம். அதனால் அந்த வீட்டைப் பூட்டிப்போட வேண்டும். ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு மாசம், ஒன்றுக்கு மூன்று மாசம். அவிட்டத்துக்கு ஆறு மாசம். உடம்பை வாசல் வழியாகவும் எடுக்கக்கூடாதாம், சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டுமாம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் அப்பாவே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்பக்கச் சுவரை இடித்தாராம். தான் கட்டின சுவரை! இத்தனைக்கும் ஒரு ஆணி அடித்தால் அரை நாள் சண்டை போடுகிற மனுஷர். அப்புறம் கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்ததற்கு ஏழாயிரம். அந்தச் செலவை ஏனோ அவர் யார் கணக்கிலும் எழுதவில்லை. மறந்திருப்பார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அத்தை வீட்டைப் பூட்டிவிட்டு ஆலங்குளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாமான் எல்லாம் உள்ளே. ஒரு சாவி அத்தையிடம், இன்னொன்று எங்கள் வீட்டு ஆணியில்.

இனிமேல்தான் விஷயம். மாமா போய் இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கிறேன். அத்தை வருகிறாள். கைக்குட்டையில் முடிந்துவைத்த பணம். பத்தும் இருபதும் ஐம்பதுமாக இரண்டாயிரத்து எண்ணூறு. அப்பா வாங்கி எண்ணி, நோட்டில் எழுதுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்கு அத்தை இது?" என்றேன்.

"வாடகை பாப்பா."

"பூட்டிக்கிடக்குற வீட்டுக்கா?"

"அடைச்சு வைக்கணும்லா. அண்ணாச்சி வேற ஆளுக்கு விட்டுட்டாவன்னா?"

அப்பாவைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? போகும்போது பூட்டியிருந்த கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ சொன்னாள். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். ஆரம்பிக்காமல் இருக்க முடியுமா? நீங்களாக இருந்தால் சும்மா இருப்பீர்களா?

"ஆளில்லாத வீட்டுக்கு வாடகை வாங்குறது எந்த ஊரு நியாயம்பா?"

"ஏட்டி, வீட்ட நானா பூட்டுனேன்? அவ சாமான் உள்ள கெடக்கு, அவ பூட்டு தொங்குது. பெறகு வாடகைய யாரு குடுப்பா? கிணத்து மேட்டுல கெடக்குத பூனையா?"

"மூணு மாசப் பாக்கிய அட்வான்ஸ்ல கழிச்சுக்கிடுங்க, அது சரி. அந்த மூணு மாசமும் அவிய குடியிருந்தாவ. ஆனா பூட்டச் சொன்னது யாரு? அம்மா. அடைப்புங்கறது உங்க நம்பிக்கை. உங்க நம்பிக்கைக்கு அவிய எதுக்குத் துட்டு குடுக்கணும்?"

"எங்க நம்பிக்கை மட்டுமா? அவளேதான் தாரேன்னா."

"ஏழை தாரேன்னா வாங்கிக்கிடுறதா?"

அம்மா குழம்புக் கரண்டியோடு வந்தாள். "சோத்து முன்னால இருந்துக்கிட்டு செத்த வீட்டுப் பேச்சு பேசாதட்டி."

"பேசுவேன். ஒரு மனுஷர் மூணு மாடி ஏறி இறங்கியே செத்துப்போனார். செத்த பெறகும் வாடகை கட்டணுமா?"

அக்கா, இந்த வரியை நான் மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அப்பா கை தட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அப்போ அடைப்பே கெடையாதுங்கியா?"

"கெடையாது."

"அவ்வளவு தைரியமா? போய்த் தொற பாப்போம், வக்கீலம்மா."

கை கழுவிவிட்டு ஆணியில் கிடந்த சாவியை எடுத்தேன். அம்மா முற்றம் வரைக்கும் ஓடிவந்து கத்தினாள். வளவில் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். அறுபத்திரண்டாம் நாள் அது. திறந்தேன்.

ஒன்றுமில்லை அக்கா. பூட்டிக்கிடந்த வீட்டு வாடை, அவ்வளவுதான். மாமாவின் காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. நாட்காட்டியில் மாமா போன நாளின் தேதி கிழிக்காமல் இருந்தது. பாய் விரித்தபடி கிடந்தது. அதன் தலைமாட்டில் ஒரு குடம் தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் இந்த டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சையாகப் பாசி. யாராவது குடித்தால் காலரா வரும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். பாயைச் சுருட்டினேன். கூட்டினேன். சட்டையை மடித்து வைத்தேன். பழைய தேதிகளையெல்லாம் கிழித்து, நாட்காட்டியை அன்றைய தேதிக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் நடுவீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புத்தகம் படித்தேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் போட்டேன், 'அடைப்பு வீட்டுக்குள் நான். ஆவி எதுவும் வாடகை கேட்கவில்லை' என்று. ஹாஸ்டலில் எல்லோரும் நெருப்புப் படம் போட்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது அப்பா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று அடுத்த வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"சரிட்டி. நீ ஜெயிச்சுட்ட. அடைப்பு இல்ல. அதனால வாடகையும் இல்ல. போன மாசமும் இப்பமும் அவ குடுத்த ரெண்டு மாச வாடகையத் திருப்பிக் குடுத்திருதேன். ஆனா அடைப்பு இல்லேன்னா வீடு சும்மா கெடக்குன்னு அர்த்தம். சும்மா கெடக்குத வீட்ட நான் எதுக்குப் பூட்டிவைக்கணும்? நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். மறுத்துப் பேச இடமே இல்லை. "நியாயம்தான்" என்றேன்.

இந்த இடத்தை நான் இருபது தடவை திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன் அக்கா. அப்பா சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம். இரண்டும் நியாயமாக இருந்தால் கடைசியில் வருவதும் நியாயமாகத்தானே இருக்க வேண்டும்?

பத்து நாளில் ஆள் வந்துவிட்டது. புனலூர்க்காரர், ரப்பர் கம்பெனி. அவர் நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்டார். வாடகை நாலாயிரத்து ஐநூறு. அப்பா வெள்ளையடித்தார். அத்தைக்குப் போன் போட்டு, சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டுமென்றே ஊருக்குப் போனேன். அத்தை என்னைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பின்னே? முப்பதாயிரம் அட்வான்ஸில் மூன்று மாசப் பாக்கி எட்டாயிரத்து நானூறு போனால் இருபத்தோராயிரத்து அறுநூறு. அடைப்புக்கென்று வாங்கின ஐயாயிரத்து அறுநூறும் சேர்த்தால் இருபத்தேழாயிரத்து இருநூறு. அப்பா கையிலிருந்து நானே வாங்கி, நானே எண்ணி வைத்திருந்தேன். வெள்ளையடித்ததற்கு ஒரு ரூபாய் பிடிக்க விடவில்லை.

அத்தை லோடு ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக வந்தாள். பணத்தைக் கையில் கொடுத்தேன்.

"எண்ணிப் பாருங்க அத்தை."

"நீ எண்ணுனா சரியாத்தான் இருக்கும் பாப்பா."

மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். வெள்ளையடித்த வாடை. சுவரில் உடைத்து அடைத்த இடம் மட்டும் வெள்ளை ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பாய் கிடந்த இடத்தைப் பார்த்தாள்.

"தண்ணி வச்சிருந்தேனே பாப்பா?"

"கொட்டிட்டேன் அத்தை. பாசி பிடிச்சிருந்துது."

"எப்பம்?"

"போன தடவை நீங்க வந்துட்டுப் போனீங்கல்லா, அன்னைக்கு."

விரலை மடக்கி என்னமோ எண்ணினாள். "அப்போ பதினாலு நாளா தண்ணி இல்லாமலா?"

நான் விளக்கினேன் அக்கா. பொறுமையாகத்தான் விளக்கினேன். அடைப்பு என்று ஒன்று கிடையாது, அதற்கு ஆதாரம் கிடையாது, இது பெண்களைப் பயமுறுத்தி வைக்கிற ஏற்பாடு, உங்கள் பயத்தைக் காட்டி உங்களிடமே வாடகை வாங்குகிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். கடைசியில், "நானே இங்கே ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன் அத்தை, உள்ள யாரும் இல்ல" என்றேன்.

"யாரும் இல்லியா?"

"இல்ல அத்தை."

"நல்லாப் பாத்தியா பாப்பா?"

பார்த்தேன் என்று தலையாட்டினேன். அப்புறம் அத்தையேதான் பேசினாள். கோபமே இல்லாமல் பேசினாள், அதுதான்.

"ஆறு மாசம் இங்கனயே இருப்பாவன்னு சொன்னாவ. அதுக்குத்தான பாப்பா வாடகை குடுத்தேன். அண்ணன் வீட்டுல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்தாலும், வந்தா கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு." பிறகு என் கன்னத்தைத் தொட்டு, "நீ படிச்ச புள்ள. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

சாமான் அதிகம் இல்லை. பீடித் தட்டு, குடம், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மிக்ஸி. காக்கிச் சட்டையை மட்டும் பெட்டியில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். அப்பா வெளியே வரவேயில்லை. மோட்டார் ரிப்பேர் என்று மாடியில் ஏறிக்கொண்டவர், ஆட்டோ போகிற வரைக்கும் இறங்கவில்லை. அவருக்கு நாலாயிரத்து ஐநூறு வருகிறது, எதற்காக ஒளிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவும் இல்லை. அதற்கு மறுநாள்தான் அம்மா எங்கள் அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்து, 'இது யாரு பேரு வெட்டினதுட்டி?' என்று கேட்டாள். தூசி படிந்திருக்கிறதே என்று நான்தான் குடத்தைக் கொட்டின அன்றைக்குக் கழுவி எங்கள் வீட்டில் வைத்திருக்கிறேன்.

இருபத்தேழாயிரத்து இருநூறும் அண்ணன் மகனுக்குப் பைக் முன்பணமாகப் போய்விட்டது என்று அம்மா கேள்விப்பட்டாள். அத்தைக்கு அங்கே தனி ரூம் எல்லாம் கிடையாது. முன்னறைப் பட்டாசலில், டிவிக்குக் கீழே படுத்துக்கொள்கிறாளாம். எல்லோரும் சீரியல் பார்த்து முடித்த பிறகுதான் பாயை விரிக்க முடியுமாம்.

நாலு வாரமாகத் திங்கட்கிழமை காலையில் இந்த பஸ்ஸில் ஆலங்குளத்துக்கு டிக்கெட் எடுக்கிறேன். ஒரு வாரம் மழை. ஒரு வாரம் கிளாஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வாரம், இறங்கத்தான் எழுந்தேன், ஆனால் போய் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று முடிவாகவில்லை, உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்பு கேட்கலாம் என்றால், என்ன தப்புக்காகக் கேட்பது? அடைப்பு உண்டு என்று நான் ஒப்புக்கொள்ள முடியாதே. பொய் சொல்ல முடியுமா? அதனால் டம்ளர் என்னோடு ஹாஸ்டலுக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது.

சும்மா வைத்தால் என்னவோ போல இருக்கிறது என்று தண்ணீர் ஊற்றி ரூம் ஜன்னல் பக்கம் வைக்கிறேன். நம்பிக்கை எல்லாம் இல்லை அக்கா. வெயில் காலம். காக்காயோ குருவியோ வந்தால் குடிக்கட்டுமே. தினம் மாற்றிவிடுவேன், பாசி பிடிக்க விடுவதில்லை. இன்றைக்கு நூற்று ஐந்தாவது நாள், இன்னும் எழுபத்தைந்து இருக்கிறது. அத்தை எண்ணினாளே என்று நானும் எண்ணுகிறேன், வேறொன்றும் இல்லை.

என்ன கண்டக்டர் அண்ணே? எனக்கா? ஆமாம், ஆலங்குளம் டிக்கெட்தான். போய்விட்டதா? எப்போது? அக்கா, நீங்கள் சொல்லவே இல்லையே. சொன்னீர்களா? இரண்டு தடவையா?

சரி, பரவாயில்லை. யுனிவர்சிட்டிக்கு ஒன்று கொடுங்க அண்ணே. சில்லறை இருக்கிறது.

அந்த டம்ளரை இப்படிக் கொடுங்க, பையில் வைத்துவிடுகிறேன். பாட்டிலையும் கொடுங்க. எவ்வளவு இருக்கிறது? போதும், போதும், ஒரு டம்ளர் தேறும். ஹாஸ்டல் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. இது எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீர்.